மூன்று இலட்சம் ரூபாவை எத்தனை இடத்தில் போடலாம்? கொழும்புத் தமிழ் வாடிக்கையாளரை எட்டும் வழிகள்: ஓர் ஒப்பீடு

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. விளம்பரத்துக்கு 300,000 ரூபா ஒதுக்கியாயிற்று. வானொலியிலிருந்து விலைப்பட்டியல் வந்திருக்கிறது. பத்திரிகை முகவர் கால் பக்கம் கேட்கிறார். கடையில் நிற்கும் பிள்ளை டிக்டொக் போதும் என்கிறது. முதலாளியின் மைத்துனர் நோட்டீஸ் அடிக்கச் சொல்கிறார். ஒருவரையும் பகைக்காமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுவிடுவதுதான் வழமை. ஒப்பிட வேண்டிய முதலாவது தெரிவும் அதுதான்.

இரண்டாவது தெரிவு, முழுப் பணத்தையும் ஒரே பெரிய ஊடகத்தில் இறக்குவது. மூன்றாவது, ஆட்களைக் கூட்டிவர ஒரு வழிக்கு நன்றாகவும் துணைக்கு இன்னொரு வழிக்கு மட்டும் அதைவிடக் குறைவாகவும் செலவழித்து, வந்தவர்களின் இலக்கங்களைச் சொந்தப் பட்டியலில் சேர்த்து, மற்ற வழிகளைச் செலவில்லாமல் உயிரோடு வைத்திருப்பது. எங்கள் வாக்கு மூன்றாவதுக்கு. ஆனால் எல்லாக் கடைக்கும் அது பொருந்தாது. எதற்குப் பொருந்தாது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் என்ன நடக்கும்

மூன்று இலட்சத்தை ஆறாகப் பிரித்தால் ஒன்றுக்கு 50,000. அந்தப் பணத்துக்கு வானொலியில் ஒரு நாளைக்கு ஓரிரு தடவை, அதுவும் சில நாட்களுக்குத்தான் விளம்பரம் போகும். பத்திரிகையில் உள்பக்கத்தில் ஒரு சிறு பெட்டி கிடைக்கும். ஒரு கடையின் பெயர் மனதில் நிற்க வேண்டுமென்றால் அதே ஆள் அதே செய்தியைக் குறுகிய காலத்துக்குள் பல தடவை கேட்கவோ பார்க்கவோ வேண்டும். ஆறு இடத்திலும் ஓரிரு தடவை என்பது கடலில் கரைத்த பெருங்காயம்.

விற்பவர்கள் காட்டும் எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்ப்பது இன்னொரு பொறி. வெள்ளவத்தையில் ஒரே வீட்டில் அம்மம்மா ஞாயிறு வீரகேசரி வாசிப்பார். அம்மாவுக்குக் காலையில் குசினியில் வானொலி, பகலில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும். மகள் இன்ஸ்டகிராமிலும் டிக்டொக்கிலும் இருப்பாள். பணம் அனுப்பும் மகன் டொரொண்டோவில். இந்த ஒரு வீட்டை ஒவ்வொரு ஊடகமும் தன் கணக்கில் தனித்தனியே எழுதிக்கொள்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி கொழும்பு மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே 23 இலட்சம் சொச்சம்தான், அதில் தமிழ் பேசுவோர் ஒரு பகுதியினர். எல்லா விலைப்பட்டியலிலும் உள்ள எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்த்தால், இல்லாத ஊருக்கு விளம்பரம் செய்வது போலாகிவிடும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார், அவர் எங்கே இருக்கும்போது நமக்குப் பதில் அனுப்பக்கூடியவர் என்பது. சேலைக்கு அம்மாவும் மகளும். டியூஷன் வகுப்புக்கு அம்மா. நகைக்கு அம்மம்மாவின் சொல்லும் டொரொண்டோப் பணமும். காணிக்கு அப்பா.

வானொலி

சூரியன், சக்தி, வசந்தம், தென்றல் என்று எதை எடுத்தாலும் இலங்கைத் தமிழ் வானொலியின் பலம், வேறு வேலை செய்துகொண்டிருப்பவரின் காதில் விழுவது. குசினி, ஓட்டோ, பாபர் சலூன், பலசரக்குக்கடை. முஸ்லிம் வீடுகளிலும் கேட்கும். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவரையும் எட்டும்.

இதன் பெரிய பலவீனம் பணவிரயம். ஒலிபரப்பு நாடெங்கும் போகிறது. உங்களிடம் வெள்ளவத்தையில் ஒரே ஒரு கடை இருந்தால், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அட்டனிலும் கேட்பவருக்கும் சேர்த்தே காசு கட்டுகிறீர்கள். நாடெங்கும் கூரியரில் அனுப்பும் வசதி இருந்தால் இதே விரயம் இலாபமாக மாறிவிடும். வானொலியா இல்லையா என்பதை முடிவு செய்ய இந்த ஒரு கேள்வியே பெரும்பாலும் போதும்.

எடுப்பதானால் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். விளம்பரம் போகும் நேரம் குறிப்பிட்ட மணித்தியாலமா, இல்லை நாள் முழுவதும் வசதிப்பட்ட இடத்திலா? இலவசமாகத் தருவதாகச் சொல்லும் மேலதிக ஒலிபரப்புகள் எத்தனை மணிக்கு? அவை நள்ளிரவுக்குப் பிறகு போனால் இலவசம் என்பதற்கு அர்த்தமில்லை. மூன்றாவது, முடிந்தபின் ஒலிபரப்புச் சான்றிதழ் தருவார்களா? அதில் விளம்பரம் போன ஒவ்வொரு நேரமும் இருக்க வேண்டும். இருந்தாலும் கடையில் யாரையாவது இடைக்கிடை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

30 வினாடிக்குள் கடைப் பெயர், எந்தத் தெரு, என்ன கழிவு, எந்த நாள் வரை. இவ்வளவுதான் நிற்கும். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை ஒரு தடவை வேகமாக வாசித்தால் ஒருவருக்கும் பிடிபடாது. இரண்டு தடவை, மூன்று மூன்றாகப் பிரித்து வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் இலக்கத்தை விட்டுவிட்டுத் தெருவை மட்டும் சொல்லுங்கள்.

பத்திரிகை

வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் தினக்குரல் 1997இலிருந்தும் வருகின்றன. வாசிப்பவர் வயது கூடியவர்தான், ஆனால் வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. நகை, காணி, கல்யாண மண்டபம், பாடசாலை அனுமதி போன்றவற்றுக்கு இது இன்னும் நல்ல இடம். அன்றாடச் சாமானுக்கு வேண்டாம்.

விலை பத்தி-சென்றிமீற்றர் கணக்கில், அதாவது எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்றிமீற்றர் உயரம் என்று பார்த்து வரும். எந்தப் பக்கம் என்பதைப் பணம் கட்டுமுன் எழுதி வாங்குங்கள். அச்சில் அடிக்கடி கெடுவது இரண்டு. ஒன்று எழுத்து. யூனிகோடில் தட்டிய வாசகத்தை வடிவமைப்பாளர் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போதோ, தமிழுக்கேற்ற அமைப்பை இயக்காத மென்பொருளில் ஒட்டும்போதோ ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். ‘கொழும்பு’ கண்ணுக்கு முன்னாலேயே குலைந்துபோகும். பிடிஎஃபை முதலாளியே எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மற்றது கியூஆர். பத்திரிகைத் தாளில் மை பரவும். 2 சென்றிமீற்றருக்குக் குறையாமல், தனிக் கறுப்பில், நடுவில் சின்னம் வைக்காமல், சுற்றிவர வெள்ளை இடம் விட்டுப் போடுங்கள்.

பத்திரிகை விளம்பரத்தை யாராவது போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்களுக்கு அது இலவச ஆதாயம். ஆகவே போன் திரையின் அகலத்தில் வாசிக்கக்கூடிய அளவில் எழுத்தைப் பெரிதாக வைப்பது நல்லது.

பேஸ்புக், இன்ஸ்டகிராம்

கொழும்பில் ஒரே கடை வைத்திருப்பவருக்கு, ஆளைக் கூட்டிவரும் வேலையை இன்றைக்குக் குறைந்த செலவில் செய்யக்கூடியது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் ‘பூஸ்ட்’ பொத்தானை அமத்திவிட்டுப் போனால் பாதிப் பணம் வீண். விளம்பர மேலாளர் (Ads Manager) என்ற பேஸ்புக்கின் கருவியில் போய் அமைக்க வேண்டும்.

முதல் தவறு மொழியில் நடக்கும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்தால், பெரும்பாலும் பேஸ்புக்கையே தமிழில் வைத்திருப்பவருக்குத்தான் விளம்பரம் போகும். கொழும்புத் தமிழரில் பெருந்தொகையானோர் தங்கள் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டுதான் தமிழ் வாசிக்கிறார்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். படத்திலும் வீடியோவிலும் தமிழ் பெரிதாக இருந்தால் தமிழர் நிற்பார்கள், மற்றவர்கள் கடந்து போவார்கள். யார் நிற்கிறார் என்பதைப் பார்த்து பேஸ்புக்கின் நிரல் அப்படிப்பட்டவர்களையே தேடிப் போகத் தொடங்கும். சமயம் சார்ந்த விருப்பங்களை வைத்து ஆட்களைத் தெரிவு செய்யும் வசதியை பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 ஜனவரியில் எடுத்துவிட்டது. ஆகவே ‘இந்துக்கள்’ என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இடத்துக்கு நகரப் பெயரைப் போடாமல் வரைபடத்தில் புள்ளி வைத்து 1 மைல் ஆரை கொடுக்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளை என்று புள்ளிகள். (வெள்ளவத்தை வட்டத்தில் பாதி கடலுக்குள் கிடக்கும், கொட்டாஞ்சேனையில் ஒரு பகுதி துறைமுகத்துக்குள். பயப்பட வேண்டாம், மீன்களுக்குக் கட்டணம் இல்லை.) அந்த வட்டத்துக்குள் வசிப்பவர்களோடு அண்மையில் வந்து போனவர்களும் சேர்ந்தே வருவார்கள். புடவைக்கடைக்கு அது நல்லதுதான். டியூஷன் வகுப்புக்கு அவ்வளவு நல்லதல்ல.

இரண்டாவது தவறு, இங்கேயும் பிரித்துப் போடுவது. ஒரு விளம்பரத் தொகுதி (ஒரே ஆட்களுக்கு, ஒரே தொகையில் ஓடும் விளம்பரங்கள்) யாருக்குக் காட்டுவது என்று பழகி நிதானத்துக்கு வர வாரத்துக்கு ஏறக்குறைய 50 பெறுபேறு, இங்கே வட்ஸ்அப் உரையாடல், தேவை. ஒரு வட்ஸ்அப் உரையாடலுக்கு 150 ரூபா போகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்தால், ஒரு தொகுதிக்கு வாரம் 7,500. ஐந்து வாரத்துக்கு 120,000 ஒதுக்கினால் வாரம் 24,000. அதில் மூன்று தொகுதி மட்டுமட்டாக ஓடும், இரண்டு நன்றாக ஓடும். ஊருக்கொன்றாக ஐந்து வைத்தால் ஐந்தும் பட்டினி கிடக்கும். ஐந்து புள்ளிகளையும் ஒரே தொகுதிக்குள் போட்டு, தொகுதியைச் சேலைக்கு ஒன்று, பிள்ளைகள் உடுப்புக்கு ஒன்று என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வித்தியாசமான படமோ வீடியோவோ போதும். முதல் வாரத்தில் தினமும் போய்த் தொகையையும் ஆட்களையும் மாற்றினால் அது மறுபடி தொடக்கத்திலிருந்து பழகத் தொடங்கும். கையைக் கட்டிக்கொண்டு ஏழு நாள் பொறுங்கள்.

நோக்கமாக வட்ஸ்அப் உரையாடலைத் தெரிவு செய்யுங்கள். விருப்பம், பார்வை எதுவும் வேண்டாம். உரையாடல் வந்தால் இலக்கம் கிடைக்கும், இலக்கம் கிடைத்தால் அடுத்த பண்டிகைக்கு விளம்பரச் செலவு குறையும். பதில் போடுவதற்கென்று ஒருவர் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கேட்ட விலைக்கு அடுத்த நாள் மத்தியானம் பதில் போட்டால், அந்த வாடிக்கையாளரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டுப் பக்கத்துக் கடைக்கு அனுப்பியதாகத்தான் அர்த்தம்.

வட்ஸ்அப், எஸ்எம்எஸ்: சொந்தப் பட்டியல்

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் (broadcast list) ஒன்றுக்கு 256 பேர். உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். பலரும் தடுமாறுவது இங்கேதான். 900 இலக்கம் கையில் இருக்கும், அனுப்பினால் 200 பேருக்கும் போய்ச் சேராது. மருந்து கவுண்டரில் இருக்கிறது. பில் போடும்போது கியூஆரைக் காட்டி, வாடிக்கையாளரையே முதலில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, அங்கேயே இலக்கத்தைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். அடுத்த பில்லில் ஒரு சிறு கழிவு என்றால் சேமிப்பார்கள். நீங்கள் சேமிக்கும்போது பெயரோடு ஊரும் பொருளும் எழுதுங்கள்: ‘கொ6 சேலை’, ‘கொ13 பிள்ளை’. பிறகு பட்டியல் பிரிக்க இதுதான் உதவும்.

கியூஆரின் இணைப்பில் இலக்கத்தின் முன்னாலுள்ள 0ஐ எடுத்துவிட்டு 94 போட வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி எதுவும் கூடாது. 0 இருந்தால் இணைப்புத் திறக்கும், ஆனால் இலக்கம் பிழை என்று வரும். அச்சடித்த பிறகு தெரிந்து பயனில்லை. அச்சகத்துக்குப் போகுமுன் வேறு யாருடைய போனிலாவது சோதியுங்கள்.

வாடிக்கையாளரைக் குழுவில் சேர்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒருவருடைய இலக்கம் மற்றவர்களுக்குத் தெரியும். பெண்கள் விலகிப்போவார்கள், போட்டிக் கடை உள்ளே வந்து இலக்கங்களை அள்ளும். ஒருவழிச் செய்திக்கு வட்ஸ்அப் சனல் இருக்கிறது, அதில் பின்தொடர்பவரின் இலக்கம் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. பட்டியலில் சில ஆயிரம் பேர் சேர்ந்தபின் வட்ஸ்அப்பை மென்பொருளோடு இணைத்துக் கட்டணத்துக்கு அனுப்பும் ஏபிஐக்கு மாறலாம். அங்கே நாமாக அனுப்பும் செய்தியின் வார்ப்புருவுக்கு முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். வாடிக்கையாளர் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் மட்டும்தான் விரும்பியபடி பதில் எழுதலாம்.

வாரத்துக்கு ஒரு செய்தி, கடைசி வாரத்தில் இரண்டு. அதற்கு மேல் போனால் தடுப்பார்கள். தடுப்பவர் கூடினால் இலக்கமே முடக்கப்படும், பட்டியல் முழுவதும் அதோடு போகும். சிம்மை வேலையாளின் பெயரில் எடுக்காமல் நிறுவனத்தின் பெயரில் எடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின் முதலாளியிடம் இருக்கட்டும்.

எஸ்எம்எஸ் வட்ஸ்அப் இல்லாத போனுக்கும் போகும், டேட்டா தேவையில்லை. ஆனால் தமிழில் விலை கூட. கட்டணம் துண்டுக் கணக்கில் வரும்: ஆங்கிலத்தில் ஒரு துண்டுக்கு 160 எழுத்து, தமிழில் 70 இடம். மெய்க்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம், உயிர்க்குறிக்கும் தனி. ‘தீபாவளிக்’ என்பது கண்ணுக்கு ஐந்தெழுத்து, கணக்கில் ஒன்பது. ‘தீபாவளிக் கழிவு 20%. வெள்ளவத்தைக் கிளை. நவம்பர் 5 வரை.’ இதற்கு 54 இடம். ஓர் இடைவெளியும் பத்து இலக்கமும் சேர்த்தால் 65, ஒரு துண்டுக்குள் அடங்கும். இலக்கத்துக்கு முன் ‘தொலைபேசி:’ என்று எழுதினால் 74 ஆகி இரண்டு துண்டுக்குக் கட்டணம். 5,000 பேருக்கு அனுப்பும்போது அந்த ஒரு சொல்லுக்கு 5,000 துண்டு. கடைப் பெயரை வாசகத்தில் எழுதாமல் அனுப்புநர் பெயராகப் பதியலாம், அங்கே 11 ஆங்கில எழுத்து வரை கொள்ளும்.

யாரிடமாவது விலைக்கு வாங்கிய இலக்கப் பட்டியல் வேண்டவே வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்திக்குச் சம்மதத்தையும் செலவின்றி விலகும் வழியையும் கேட்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, அந்தப் பட்டியல்களில் பாதி இலக்கம் கைமாறிப் போனவை.

டிக்டொக், கூகுள், தெரு

டிக்டொக்கில் பார்வை மலிவு, ஊர்தான் பிரச்சினை. சென்னையில் பார்த்தவர் வெள்ளவத்தைக்கு வரமாட்டார். டொரொண்டோவில் பார்த்தவர் அம்மாவுக்குச் சேலை வாங்கப் பணம் கட்டுவார். அவருக்கென்று போடுவதானால் நம் நேரம் காலை ஆறு, ஏழு மணிக்குப் போடுங்கள், அங்கே முதல்நாள் இரவு. பிஸ்னஸ் கணக்கில் சினிமாப் பாட்டைப் போட்டால் ஒலி அடைக்கப்படலாம், வணிக இசைத் தொகுப்பிலிருந்து எடுங்கள்.

கூகுள் வரைபடப் பதிவு இலவசம், செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. பெயர், வாசலின் படம், வாகனம் நிறுத்துமிடம், போயா தினத்துக்கும் பண்டிகைக்கும் சிறப்புத் திறப்பு நேரம். ஒன்றரை மணித்தியால வேலை.

தெருவில் இடத்துக்கு இடம் வித்தியாசம். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் சிறுகடைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸை நின்று வாசிக்கிறார்கள். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் காவலாளி நோட்டீஸை உள்ளே விடமாட்டார். அங்கே மாடி நிர்வாகக் குழுவைக் கேட்டு மின்தூக்கிப் பலகையில் ஒன்று வைப்பதே வழி. வீதிக்குக் குறுக்கே பதாகை கட்ட மாநகர சபை அனுமதி வேண்டும். இல்லாமல் கட்டினால் கழற்றிக்கொண்டு போவார்கள், பண்டிகைக்கு முந்திய வாரத்தில்.

அப்படியென்றால் அந்த மூன்று இலட்சம்

புடவைக்கடைக்கு: பேஸ்புக், இன்ஸ்டகிராம் 120,000. வானொலி அல்லது பத்திரிகை, இரண்டில் ஒன்று மட்டும், 90,000. கூரியர் இருந்தால் வானொலியைப் பத்து நாளுக்குள் நெருக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஞாயிறு பத்திரிகை. படம், வீடியோ, வடிவமைப்புக்கு 40,000. கவுண்டர் கியூஆர், எஸ்எம்எஸ், டேட்டா 20,000. மீதி 30,000ஐத் தொடாமல் வையுங்கள்.

நாடெங்கும் அனுப்பும் பலகாரக்காரருக்கு இது பொருந்தாது. அவர் இரண்டாவது தெரிவுக்கே போகலாம்: பெரும்பகுதி வானொலி, ஓடர் எடுக்க ஒரு வட்ஸ்அப் இலக்கம். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு விளம்பரமே தேவையில்லை. காலை ஏழு மணிக்கு முன் அன்றைய விலைப்பட்டியல் கடைக்காரர்களின் வட்ஸ்அப்புக்குப் போனால் போதும், அதில் ஒரு நாள் தவறினால்தான் நட்டம். டியூஷன் வகுப்புக்கு ஒரு மைல் வட்டத்துக்குள் பேஸ்புக்கும், பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நோட்டீஸும், பெற்றோரின் பட்டியலும்.

எது வேலை செய்தது என்பதைக் கண்டுபிடிக்க, வானொலிக்கு ஓர் இலக்கம், பத்திரிகைக்கு வேறோர் இலக்கம் கொடுங்கள். விளம்பரத்தை அழுத்தி ஏழு நாளுக்குள், அல்லது பார்த்து ஒரு நாளுக்குள் வந்தவரைப் பேஸ்புக் வழமையாகத் தன் கணக்கில் எழுதும். எப்படியும் வர இருந்தவரும் அதில் சேர்ந்துவிடுவார். ‘எப்படித் தெரியும்?’ என்று பில் போட்டு முடித்தபின் கேட்டால் ‘முந்தியே தெரியும்’ என்றுதான் பதில் வரும். உள்ளே வரும்போதே கேட்க வேண்டும். நோட்டீஸைக் கொட்டாஞ்சேனையில் மட்டும் கொடுத்து வத்தளையில் கொடுக்காமல், இரண்டு ஊர்ப் பில்களையும் ஒப்பிடுவது இன்னும் நம்பகமான வழி. கடைசி வாரத்தில் இந்தச் சோதனை வேண்டாம், அப்போது விளம்பரம் இல்லாமலே கூட்டம் ஏறும்.

இரண்டாம் வாரம் முடிய உட்கார்ந்து பாருங்கள். உரையாடல் நிறைய வந்தும் கடைக்கு ஆள் வரவில்லையென்றால் விலையிலோ பதில் போடுபவரிலோ கோளாறு, விளம்பரத்தைக் கூட்டாதீர்கள். உரையாடலே குறைவென்றால் படத்தை மாற்றுங்கள். இரண்டும் சரியாக ஓடினால் தொடாமல் வைத்த 30,000ஐ நான்காம் வாரத்தில் அந்தத் தொகுதிக்கே போடுங்கள், ஒரே நாளில் இரட்டிப்பாக்காமல் இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை ஐந்திலொரு பங்காக ஏற்றி. மலையகத்துக்குப் போகிற வேலையாட்களுக்கான செய்தி மட்டும் ஒரு வாரம் முந்தியே முடிந்துவிட வேண்டும். அவர்கள் பெஸ்டியன் மாவத்தையில் பஸ் ஏறுமுன்பே பை நிறைத்துவிடுவார்கள்.